அடாப்டர் விளக்கு எரிகிறது, நெட்வொர்க் பட்டியல் மட்டும் காலி

ஜூன் 4 (கேள்வி)

டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒண்ணு போட்டேன். பச்சை விளக்கு எரியுது. விண்டோஸ் 11. ஒரு நெட்வொர்க்கூடக் காட்டல. அதே மேசையில போனை வச்சா எட்டு ஒன்பது நெட்வொர்க் பேரு வருது. டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டாச்சு, விண்டோஸ்ல நெட்வொர்க் ரீசெட் பண்ணியாச்சு, ரவுட்டரையும் ஃபேக்டரி ரீசெட் பண்ணியாச்சு. அடாப்டர் டெட்னு முடிவு பண்ணிடலாமா அண்ணே?

ஜூன் 4, இரவு

இன்னும் அதைக் கொல்ல வேண்டாம் தம்பி. போனில் பெயர்கள் வருகிறதென்றால் ரவுட்டர் நிரபராதி. அதைப் போய் ஏன் ரீசெட் செய்தீர்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். "காட்டல" என்று எல்லோரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் அதற்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. டாஸ்க்பாரில் வைஃபை பட்டனே இல்லையா? பட்டன் இருக்கிறது, ஆன் ஆகிறது, பட்டியல்தான் காலியா? அல்லது அக்கம்பக்கத்துப் பெயர்கள் வந்து உங்களுடையது மட்டும் வரவில்லையா? பட்டன் இல்லையென்றால் விண்டோஸைப் பொறுத்தவரை அங்கே வைஃபை சாதனமே கிடையாது. பட்டியல் காலி என்றால் சாதனம் இருக்கிறது, காதுதான் கேட்கவில்லை. உங்களுடையது மட்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் சேனல் (ரவுட்டர் ஒலிபரப்பும் அலைவரிசை எண்) விவகாரம். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

விளக்கை நம்பாதீர்கள். பல அடாப்டர்களில் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து மின்சாரம் வந்தாலே அது எரியும்.

ஜூன் 5, காலை

அவர் பதில்: "வைஃபை பட்டனே இல்ல அண்ணே. டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழ ஈதர்நெட் மட்டும்தான். ஆனா திஸ் பிசியில புதுசா ஒரு சிடி டிரைவ் வந்திருக்கு. என்கிட்ட சிடி டிரைவே கிடையாது."

இந்தக் கடைசி வரியை முதல் நாளே எழுதியிருந்தால் எல்லோருக்கும் ஒரு இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

அந்த சிடி டிரைவ்தான் உங்கள் அடாப்டர். டிரைவர் மென்பொருளை (சாதனத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் நிரல்) தனி வட்டில் கொடுப்பதற்குப் பதிலாக அடாப்டருக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகத்தில் வைத்து அனுப்புகிறார்கள். செருகியதும் அது தன்னை ஒரு வட்டு என்று அறிமுகம் செய்துகொள்ளும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் டிரைவர் பதிந்து, அதன்பின் வேஷத்தைக் கலைத்து வைஃபை சாதனமாக மாறும். டேட்டா கார்டு காலத்திலேயே இருந்த தந்திரம் இது. நீங்கள் இணையத்திலிருந்து வேறு டிரைவரை இறக்கிப் போட்டீர்கள். அது வைஃபை சாதனம் எங்கே என்று தேடியது, அங்கே இருந்ததோ வட்டு. இந்த நிலையில் நூறு முறை டிரைவர் போட்டாலும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது: அந்த சிடி டிரைவைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். ஓடவில்லையென்றால் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுங்கள். பல சிப்புகளுக்கு அந்த இஜெக்ட்தான் மாறச் சொல்லும் சமிக்ஞை. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் மாறிவிட்டது என்று பொருள்.

லினக்ஸ்காரர்களுக்கு: எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்துப் பாருங்கள், செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும். ரியல்டெக் சிப் உள்ள பல அடாப்டர்கள் வட்டு வேஷத்தில் 1ஏ2பி என்று முடியும் அடையாள எண்ணோடு நிற்கும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் அதை மாற்றிவிடும். பல விநியோகங்களில் அது தானாகவே நடந்துவிடுவதால் பலருக்கு இப்படியொரு வேஷம் இருப்பதே தெரியாது.

ஜூன் 5, மதியம்

இன்னொருவர் கேட்கிறார்: "என்னுடையதில் சிடி டிரைவ் எதுவும் வரவில்லை, பட்டனும் இல்லை."

டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்போ இருந்தால், அல்லது பெயர் மங்கலாக இருந்தால், அதன் ப்ராப்பர்டீஸில் ஒரு கோட் எண் இருக்கும். 22 என்றால் யாரோ அதை டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும். 10 என்றால் சாதனம் தொடங்க முடியவில்லை, 43 என்றால் சாதனமே தனக்குக் கோளாறு என்று சொல்லிவிட்டது. 45 என்றால் அது இப்போது செருகப்படவே இல்லை. அதோடு சர்வீசஸில், அதாவது விண்டோஸின் பின்னணி நிரல்கள் பட்டியலில், டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது நின்றுபோனால் அடாப்டர் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் விண்டோஸில் வைஃபை இல்லை. கணினியை "வேகமாக்குகிறேன்" என்று வரும் சில மென்பொருள்கள் இதை நிறுத்திவிட்டுப் போவதுண்டு. வேகம் என்னவோ உண்மைதான், இணையமே இல்லாத கணினி வேகமாகத்தான் ஓடும்.

ஜூன் 7

"வந்துடுச்சு அண்ணே! இஜெக்ட்லதான் மாறிச்சு. இப்ப நாலு பேர் காட்டுது. ஆனா என் ரவுட்டர் பேரு மட்டும் இல்ல."

நல்லது. ஒரு கோளாறு போய் அடுத்ததற்கு வந்துவிட்டோம். டிரைவரை இனி தொடாதீர்கள். நான்கு பெயர் கேட்கிற காதுக்கு டிரைவர் சரியாகத்தான் இருக்கிறது.

அடாப்டர் எப்படிப் பெயர்களைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் இங்கே வழி பிறக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் "நான் இருக்கிறேன்" என்று ஒரு சிறு அறிவிப்பை விடாமல் ஒலிபரப்புகிறது. வழக்கமான இடைவெளி 102.4 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை. அதற்கு பீக்கன் என்று பெயர். அடாப்டரால் ஒரே நேரத்தில் எல்லாச் சேனலிலும் கேட்க முடியாது. ஒவ்வொன்றாகப் போய், கொஞ்சம் நின்று கேட்டு, அடுத்ததற்கு நகரும். சில சேனல்களில் அதுவே "யாராவது இருக்கிறீர்களா" என்று கூவிப் பதிலுக்குக் காத்திருக்கும். சில சேனல்களில் கூவ அனுமதி இல்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில சேனல்கள் அதன் சுற்றிலேயே இருக்காது. அந்தச் சேனலில் உங்கள் ரவுட்டர் உட்கார்ந்திருந்தால், அடாப்டரை அதன் தலையிலேயே வைத்தாலும் பெயர் வராது.

எனக்குச் சந்தேகம் சேனல் 13 மேல். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 1-இன் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ், 13-இன் மையம் 2472. அமெரிக்கச் சந்தைக்கென்று அமைத்த அடாப்டர்கள் 11-உடன் நின்றுவிடும். உலகின் பெரும்பகுதியில் 13 வரை அனுமதி உண்டு. ரவுட்டர் ஆட்டோவில் இருந்து 12-ஐயோ 13-ஐயோ எடுத்துக்கொண்டால், நேற்றுவரை வந்த பெயர் இன்று மாயமாகிவிடும். 14 என்றும் ஒன்று உண்டு, 2484-இல், ஜப்பானில் மட்டும், அதுவும் 802.11பி என்ற பழைய வைஃபை முறைக்கு மட்டும். அதை மறந்துவிடலாம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போனில் திறந்து, இரண்டு பேண்டிலும் (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைப் பகுதிகள்) எந்தச் சேனலில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கூடவே ஒரு சோதனை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, முதலில் 2.4-இல், பிறகு 5-இல் வைத்து அடாப்டர் அதைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஐபோன் என்றால் 12 முதல் வந்தவற்றில் "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" ஆன் செய்தால் 2.4-க்கு வந்துவிடும். நாம் அறிந்த சிக்னலை நாமே உண்டாக்கிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இதில் கிடையாது. ரவுட்டரிடம் கேள்வி கேட்டால் அது மூன்று காரணம் சொல்லும், ஹாட்ஸ்பாட் ஆம் இல்லை என்று முடித்துவிடும்.

ஜூன் 8

அவர் பதில் வரும்வரை, "பட்டியல் காலி" என்று தனியாக எழுதியவருக்கு. உங்களுடையது லேப்டாப், ஃபேன் சுத்தம் செய்து வாங்கி வந்த பிறகு இப்படி என்றீர்கள். எனக்கும் இதே வந்தது. ஒரு சர்வீஸ் மேசையிலிருந்து திரும்பிய லேப்டாப்பில் ரவுட்டர் இருக்கும் அறையில் மட்டும் வைஃபை வரும், வாசலைத் தாண்டினால் பட்டியல் வெறும் வெள்ளை. அங்கே சொன்ன காரணம் "விண்டோஸ் அப்டேட்". எதற்கெடுத்தாலும் அந்த அப்டேட்டைச் சொல்வது ஒரு வசதி, அது வந்து மறுக்கப் போவதில்லை.

அடிமூடியைக் கழற்றினால் வைஃபை கார்டு தெரியும், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் திரையின் ஓரமாக மேலே போகும், ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. என்னுடையதில் இரண்டுமே கார்டின் மேல் உட்காராமல் பக்கத்தில் சும்மா கிடந்தன. வயர் முனையில் ஒரு மிளகு அளவுகூட இல்லாத உலோக வளையம், கார்டில் அதற்கேற்ற முளை. வளையத்தை முளைக்கு நேராக வைத்து, சாய்க்காமல், விரல் நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் "டிக்" என்று உட்காரும். அந்த டிக் விரலில் உணரப்பட வேண்டும், மேலே சும்மா தொட்டுக்கொண்டிருப்பது இணைப்பு ஆகாது. சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கும், பிறகு அது எதிலும் நிற்காது. இந்த வகை இணைப்பிகள் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல, யூஎஃப்எல் வகைக்கு 30 முறைதான் கணக்கு. பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு வயரைப் புது எம்.2 கார்டில் மாட்டப் பார்க்காதீர்கள், புதியதில் முளை இன்னும் சிறியது.

மூடியைத் திறக்கும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப்பில் மதர்போர்டோடு வைஃபை வாங்கியவர்கள் சிரிக்க வேண்டாம். பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் பையில் வந்த ஆன்டெனாவைப் பின்பக்கம் திருகாமலே பயன்படுத்தும் ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஜூன் 9

அவர் அனுப்பியது: ஹாட்ஸ்பாட் 2.4-இலும் தெரிகிறது, 5-இலும் தெரிகிறது. ரவுட்டர் 2.4-இல் சேனல் 6, 5-இல் சேனல் 116. கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ நெட்வொர்க்ஸ் மோட்=பிஎஸ்எஸ்ஐடி கட்டளையில் வருகிற நான்கு பெயர்களில் மூன்று 36-இலும் 149-இலும் இருக்கின்றன. ஒன்றுதான் 2.4, அதுவும் சிக்னல் 18 சதவீதம்.

(அந்தக் கட்டளை சிலருக்கு லொகேஷன் அனுமதி கேட்டு நிற்கும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2-விலிருந்து அப்படி. செட்டிங்ஸில் லொகேஷனை ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள்.)

என் 13-ஆம் சேனல் சந்தேகம் அடிபட்டுப் போனது. ஆனால் 116 என்பதைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே ரேடார்தான் வீட்டுக்காரர், வைஃபை வாடகைக்கு இருப்பவர். ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் காலி செய்துகொண்டு போக வேண்டும். அதற்கு டிஎஃப்எஸ் என்று பெயர். விலை குறைந்த அடாப்டர்கள் சில இந்தச் சேனல்களைத் தொடுவதே இல்லை, ஸ்கேன் 48-இலிருந்து நேரே 149-க்குத் தாவிவிடும். ஹாட்ஸ்பாட் 5-இல் தெரிந்ததே என்று கேட்பீர்கள். போன்கள் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெரும்பாலும் இந்த ரேடார் சேனல்களை எடுப்பதில்லை. ஆகவே அந்தச் சோதனை 5 ஜிகாஹெர்ட்ஸ் வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறது, 116 தெரியும் என்று சொல்லவில்லை.

புரியாத மீதிப் பாதி: சேனல் 6-இல் இருக்கும் பெயர் ஏன் வரவில்லை? 6 எல்லா அடாப்டருக்கும் தெரியும். ஹாட்ஸ்பாட் 2.4-இல் தெரிகிறது, ஆனால் போன் மேசை மேலேயே இருக்கிறது. ரவுட்டர் எங்கே? அடாப்டரை எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள்? பக்கத்துப் போர்ட்டில் என்ன?

ஜூன் 10

"ரவுட்டர் அடுத்த ரூம். அடாப்டர் கேஸுக்குப் பின்னாடி நீலப் போர்ட்ல. பக்கத்துல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்பவும் செருகியே இருக்கும்."

அதேதான். நீலப் போர்ட் என்றால் யூஎஸ்பி 3. அதன் வேகம் விநாடிக்கு 5 ஜிகாபிட். அந்த வேகத்தில் ஓடும் சிக்னல் கசிந்து பரப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் வந்து விழுகிறது. இன்டெல் 2012-இல் இதைப் பற்றி ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது, யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் பக்கத்தில் இருக்கும் 2.4 ரிசீவரை என்ன செய்கின்றன என்று அளந்து காட்டி. மிக்ஸி ஓடும் சமையலறையில் யாராவது ரகசியம் சொன்னால் எப்படிக் கேட்கும்? பக்கத்தில் நின்று கத்தும் போன் கேட்கும், அடுத்த அறை ரவுட்டர் கேட்காது. 5 ஜிகாஹெர்ட்ஸை இந்த இரைச்சல் பெரிதாகத் தொடாது, அதனால்தான் பக்கத்து வீட்டு 36-ம் 149-ம் வருகின்றன.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரைக் கேஸிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, மேசைக்கு மேலே கொண்டு வாருங்கள். கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட் காலியாக இருந்தால் அதில். கேஸின் பின்பக்கம் சுவரை ஒட்டி, இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அடாப்டருக்கு இரைச்சல் இல்லாவிட்டாலும் கஷ்டம்தான்.

ஜூன் 12

வந்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றியதும் சேனல் 6 பெயர் ஒரே கோட்டில் எட்டிப் பார்த்திருக்கிறது, கேபிள் போட்டதும் மூன்று கோடு. ரவுட்டரில் 5-ஐ 36-க்கு மாற்றியதும் அதுவும் வந்துவிட்டது. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால்தான் இவ்வளவு குழப்பம். ஒன்றாவது தெரிந்திருந்தால் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். ஒன்றை ரேடார் சேனல் மறைக்க, மற்றதை ஹார்ட் டிஸ்க் மறைக்க, மொத்தப் பெயரும் போனது.

இப்போது அவர் சொல்கிறார், ரீசெட் செய்யும் முன் 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலை எப்போதோ 44-இல் நிறுத்தி வைத்திருந்தாராம். ஃபேக்டரி ரீசெட் அதை ஆட்டோவுக்குக் கொண்டுபோனது, ஆட்டோ 116-ஐப் பிடித்தது. ஆக முதல் நாள் நான் "ரவுட்டர் நிரபராதி" என்றதில் பாதி நிற்கிறது. அது குற்றவாளி இல்லை, கெடுத்து வைக்கப்பட்ட சாட்சி.

இன்னொன்று: ரேடார் சேனலில் இருக்கும் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால், அது வாயைத் திறக்கும் முன் 60 விநாடி ரேடார் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி வானிலை ரேடார் பகுதியான 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் இது 10 நிமிடம். மின்சாரம் போய் வந்ததும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் காணோம் என்று பதறி டிரைவரை நோண்டுகிறவர்கள் இந்த நேரத்தில் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்.

ஜூன் 15

வேறு இரண்டு பேருக்குச் சேர்த்து.

அலுவலக லேப்டாப்பில் பட்டியல் முழுக் காலி, அதே இடத்தில் சொந்த லேப்டாப்பில் எல்லாம் வருகிறது என்றவர்: நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ ஃபில்டர்ஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட பெயர்களைத் தவிர மற்றவற்றைப் பட்டியலிலிருந்தே மறைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. க்ரூப் பாலிசி (அலுவலகம் மொத்தமாகப் போடும் அமைப்பு) வழியாகப் போட்டது என்றால் நீங்கள் நீக்க முடியாது, நீக்கப் பார்க்கவும் வேண்டாம். ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

ரவுட்டரை வைஃபை 6-க்கு மாற்றியதும் பழைய லேப்டாப்பில் மட்டும் பெயர் மறைந்துபோனது என்றவர்: இங்கேதான் டிரைவரைத் தொட வேண்டும். 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6-இன் தொழில்நுட்பப் பெயர்) வரும் முன் எழுதப்பட்ட சில டிரைவர்கள் புது ரவுட்டரின் பீக்கனில் உள்ள புதுப் பகுதிகளைப் பார்த்துக் குழம்பி, அந்தப் பெயரையே பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடும். இன்டெல் தன் பழைய கார்டுகளுக்கு இதை ஒப்புக்கொண்டு புது டிரைவர் கொடுத்தது. டிரைவர் கிடைக்காவிட்டால் ரவுட்டரில் 2.4-க்கு மட்டும் ஏஎக்ஸை அணைத்துப் பாருங்கள். நான் இத்தனை நாள் டிரைவரைத் தொடாதே என்று கத்திக்கொண்டிருந்ததற்கு இது விதிவிலக்கு: பட்டியலில் மற்றவை வந்து, புது ரவுட்டர் மட்டும் வரவில்லை என்றால்.

6 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் விண்டோஸ் 10-இல் வரவில்லை என்று ஒருவர். வராது. அதற்கு 11 வேண்டும்.

ஜூன் 21

லினக்ஸ் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளை முதலில், வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று அது சொல்லும். "சாஃப்ட் பிளாக்டு எஸ்" என்றால் கட்டளையிலேயே திறக்கலாம். "ஹார்ட் பிளாக்டு எஸ்" என்றால் எங்கோ ஒரு ஸ்விட்ச் அல்லது எஃப்என் கீ. எந்த ஸ்விட்சும் இல்லாத லேப்டாப்பில் கார்டு மாற்றிய பிறகு இது வந்தால், மதர்போர்டு ஒரு பின் வழியாகக் கார்டை அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸில் அது 20-ஆம் பின், அதன்மேல் மெல்லிய டேப் ஒட்டி வேலை வாங்கியவர்கள் உண்டு. கை நடுங்காதவர்கள் மட்டும்.

அடுத்தது டிமெசேஜ், கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் கட்டளை. ஃபர்ம்வேர் (அடாப்டருக்குள் ஓடும் மென்பொருள்) லோட் ஆகவில்லை, பிழை மைனஸ் 2 என்று வந்தால் கோப்பு இல்லை என்று பொருள், ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் முடிந்தது. பெரும்பாலான "காட்டல" இங்கேயே தீரும். ரியல்டெக் 8821சியூ மாதிரி யூஎஸ்பி சிப்புகளுக்கு லினக்ஸ் 6.2-இலிருந்து கெர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டது, அதற்கு முந்தைய கெர்னலில் உட்கார்ந்துகொண்டு எங்கிருந்தோ மூலநிரலை இறக்கித் தொகுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நெட்வொர்க் மேனேஜர் அந்த அடாப்டரை "அன்மேனேஜ்டு" என்று காட்டினால் வேறு ஏதோ ஒரு கோப்பு அதைச் சொந்தம் கொண்டாடுகிறது. டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பைப் பாருங்கள்.

நாடு அமைப்பு (எந்த நாட்டின் சேனல் விதி என்ற தேர்வு) பற்றி: ஐடபிள்யூ ரெக் கெட் கட்டளை கொடுத்து 00 என்று வந்தால் எந்த நாடும் அமைக்கப்படவில்லை. அப்போது 12, 13-இல் கூவ முடியாது, கேட்க மட்டும் செய்யலாம். சில கார்டுகள் சுற்றியிருக்கும் ரவுட்டர்கள் பீக்கனில் சொல்லும் நாட்டை நம்பித் தம் விதியை மாற்றிக்கொள்ளும். அடுத்த வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து தூக்கி வந்த ரவுட்டரால் உங்கள் வீட்டுப் பெயர் மறையலாம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது.

ஜூலை 2

முதல் கேள்விக்காரர் திரும்ப வந்திருக்கிறார்: "அப்ப எப்பதான் அண்ணே டெட்னு சொல்றது?"

வேறொரு கணினியில், யூஎஸ்பி 2 போர்ட்டில், நீட்டிப்புக் கேபிளில், 2.4 ஹாட்ஸ்பாட் போட்ட போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் மைனஸ் 30, மைனஸ் 40 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) வர வேண்டும். மைனஸ் 75 என்றால் ரிசீவரின் முன்பகுதி போய்விட்டது அல்லது உள்ளே ஆன்டெனா விட்டுவிட்டது. கையால் தொட முடியாத அளவு சூடாகி ஐந்து நிமிடத்தில் பட்டியல் காலியானாலும் அதே தீர்ப்பு. லேப்டாப் என்றால் ஒருமுறை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பாருங்கள். ஷட்டவுன் கொடுத்தாலும் அந்தக் கார்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம், குழம்பிய நிலையிலேயே அது அடுத்த நாளும் எழும்.

புதிது வாங்குவதென்றால் பெட்டியில் மாடல் பெயருக்குப் பின்னால் வி1, வி2, வி3 என்று இருப்பதைப் பாருங்கள். ஒரே பெயரில், ஒரே உருவத்தில், உள்ளே வேறு வேறு சிப் இருக்கும். டிரைவர் சிப்புக்குத்தான், பெட்டிக்கு இல்லை. டிஎஃப்எஸ் சேனல் உண்டா என்று எழுதியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ரவுட்டரை 36-இலேயே விட்டுவிடுங்கள்.